கோத்தகிரி வீட்டுக்கு சீலிங் ஃபேன்: மூன்று அறை, மூன்று விதக் கூரை. எங்கே எதை மாட்டலாம்?

கோத்தகிரி வீடு:

வணக்கம். கோத்தகிரி டவுனிலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. இதுவரை ஃபேனே இல்லை. இப்போது தேவைப்படுவதற்கு இரண்டு காரணம். சித்திரை, வைகாசியில் மதியம் 12 மணியிலிருந்து 4 மணி வரை கான்கிரீட் அறையில் அப்பா அம்மாவால் படுக்க முடியவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரித் துணி, தோல் செருப்பு, சுவர் மூலை எல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது.

வீட்டில் மூன்று அறைகள் உண்டு.

பின்னால் புதிதாகக் கட்டிய கான்கிரீட் அறை. 10க்கு 12 அடி, உயரம் ஒன்பதரை அடி. ஸ்லாப் போடும்போதே ஃபேன் கொக்கி விட்டிருக்கிறார்கள், ஆனால் துரு ஏறியிருக்கிறது. மழைக்காலத்தில் அந்தக் கொக்கிப் பெட்டியில் துளித்துளியாக ஈரம் நிற்கும்.

பழைய படுக்கையறை. மேலே தகரம், அதன் கீழே மரப்பலகை மச்சு. உயரம் 8 அடிதான்.

முன் ஹால். மங்களூர் ஓடு, மச்சு இல்லை, கைமரம் வெளியே தெரியும். முகடு 13 அடி. ஒரு ஓரத்தில் விறகு போடும் கணப்பு இருக்கிறது.

எந்த அறைக்கு எந்த அளவு ஃபேன்? பிஎல்டிசி (எலக்ட்ரானிக் போர்டில் ஓடும், மின்சாரம் குறைவாக எடுக்கும் ஃபேன்) வாங்கலாமா, சாதாரண ஃபேன் போதுமா? ஓட்டுக்கூரையில் எப்படித் தொங்கவிடுவது? ஃபேன் போட்டால் பூஞ்சணம் நிற்குமா?

வயரிங் குன்னூர்:

முதலில் உயரத்தைப் பாருங்கள், பிராண்டு அப்புறம். தரையிலிருந்து இறக்கை 2.4 மீட்டராவது இருக்க வேண்டும், அதாவது 7 அடி 10 அங்குலம். இறக்கைக்கும் கூரைக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அது இல்லையென்றால் மேலிருந்து காற்றை இழுக்க வழியில்லாமல் ஃபேன் இரைச்சல் மட்டும் போடும். இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 9 அடிக் கூரை. ஆகவே உங்கள் மச்சு அறைக்கு சீலிங் ஃபேன் கிடையாது.

ராடு இல்லாமல் கூரையோடு ஒட்டிப் போடும் மாடலைக் கடையில் காட்டுவார்கள். 8 அடி மச்சில் அதைப் போட்டாலும் இறக்கை ஏழேகால் அடியில் சுற்றும். நம் ஊரில் ஆள் நின்றபடி ஸ்வெட்டரைத் தலைக்கு மேல் உருவும்போது விரல் நுனி ஏழு அடியைத் தாண்டும். கட்டிலருகே நின்று கம்பளியை உதறினால் கேட்கவே வேண்டாம். அந்த அறைக்கு 400 மில்லிமீட்டர் வால் ஃபேன் ஒன்று, ஆறரை அடி உயரத்தில், கட்டிலின் கால்பக்கச் சுவரில். உள்சுவரில் மாட்டுங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரில் திருகாணி போட்டால் அதைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் வழியாக ஈரம் இறங்கி ஒரு வருஷத்தில் ஆட்டம் காணும்.

கான்கிரீட் அறைக்கு 1200 மில்லிமீட்டர் இறக்கை. அறை சிறியது, 900 போதாதா என்று தோன்றும். நமக்கு வேகக் காற்று வேண்டாம், மெதுவாகப் பரவும் காற்றுதான் வேண்டும். பெரிய இறக்கை 1, 2ஆம் நம்பரில் சுற்றினால் சத்தமில்லாமல் அது கிடைக்கும். இன்னொன்று, 1,800 மீட்டர் வாக்கில் காற்று அடர்த்தியே சமவெளியைவிட கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் வரும் அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கும் நிமிடத்துக்கு இத்தனை கன மீட்டர் என்ற கணக்கு இங்கேயும் ஏறக்குறைய வரும், ஆனால் உடம்பில் படும் வீச்சு கொஞ்சம் மெலிவாக இருக்கும். அதனால்தான் இறக்கை அளவில் கஞ்சம் பிடிக்க வேண்டாம் என்கிறேன்.

ராடு 12 அங்குலம் போட்டால் இறக்கை சுமார் 14 அங்குலம் கீழே நிற்கும். ஒன்பதரை அடியில் அது 8 அடி 4 அங்குலம். சரியான உயரம்.

கொக்கிதான் உங்கள் கேள்வியில் எனக்குக் கவலையான இடம். ஒயர் பிரஷ்ஷால் துருவை முழுக்கச் சுரண்டிவிட்டு வெர்னியரில் (தடிமன் அளக்கும் கருவி) கம்பியை அளந்து பாருங்கள். 12 மில்லிமீட்டர் கம்பியாக இருந்து 11க்கு மேல் மிஞ்சியிருந்தால் ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்துப் பயன்படுத்தலாம். 10க்குக் கீழே தேய்ந்திருந்தாலோ, பெட்டியோடு சேரும் வளைவில் துரு செதில் செதிலாக உதிர்ந்தாலோ அதை விட்டுவிடுங்கள். பக்கத்தில் இரும்புத் தட்டு ஒன்றை 8 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் மூன்று போட்டு இறுக்கி, அதில் கொக்கி வையுங்கள். துளை ஆழம் 60 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஸ்லாப் நாலரை, ஐந்து அங்குலம்தான் இருக்கும். ஆழமாகத் துளைத்தால் மழைத் தண்ணீருக்கு நாமே வழி விட்டதாகும். எந்தக் கொக்கியானாலும் ஃபேன் மாட்டுவதற்கு முன் 25 கிலோ அரிசி மூட்டை இரண்டைக் கயிற்றில் கட்டி ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். ஃபேன் எடை 4, 5 கிலோதான். ஆனால் அது சுற்றும்போது வருஷக்கணக்கில் உலுக்கிக்கொண்டே இருக்கும், அதற்காகத்தான் இந்தச் சோதனை.

பெட்டியில் நிற்கும் ஈரம் இரண்டு வழியில் வரும். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கி ஸ்லாப் வழியாகக் கசியலாம். அல்லது அறையின் வெதுவெதுப்பான காற்று ஒயர் போகும் கான்டியூட் குழாய்க்குள் ஏறி, குளிர்ந்த கான்கிரீட்டில் பட்டு வேர்க்கலாம். மழை விட்டு 4 நாள் வெயில் அடித்த பிறகும் ஈரம் நின்றால் கசிவு. அதைச் சரிசெய்யாமல் ஃபேனே மாட்டாதீர்கள். விடியற்காலை மட்டும் ஈரம், மதியம் காய்ந்துவிடுகிறது என்றால் வேர்வை. வயர் போட்டபின் குழாய் வாயைச் சிலிக்கான் வைத்து அடையுங்கள். ஒயரை நேராகக் கனெக்டரில் செருகாமல், கனெக்டரைவிட 2 அங்குலம் கீழே தொங்கும்படி ஒரு வளையம் விட்டு மேலே ஏற்றிச் செருகுங்கள். ஒயர் வழியாக இறங்கும் துளி வளையத்தின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. சமவெளி எலக்ட்ரீஷியன்கள் இதைச் செய்வதில்லை, அங்கே தேவையும் இல்லை. இங்கே கட்டாயம்.

ஒயர் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு, எர்த்தோடு மூன்று. பச்சை ஒயரை வெட்டிச் சுருட்டி விடாதீர்கள், ஃபேன் பாடியில் சேருங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் உள்ள வீட்டில் அது உயிர் காக்கும் பொருள்.

ஆசாரி பண்ணைக்காடு:

ஓட்டுக்கூரை ஹாலுக்குச் சொல்கிறேன். பழனி மலைப் பக்கம் இந்த மாதிரிக் கூரை நிறைய உண்டு, கணக்கு ஒன்றேதான்.

ரீப்பரில் (கைமரத்துக்குக் குறுக்கே அடித்த சட்டம்) தொங்கவிடக் கூடாது, அது ஓடு தாங்குவதற்கு மட்டும். ஒற்றைக் கைமரத்தில் தொங்கவிட்டாலும் நாளடைவில் அந்தக் கைமரம் ஆடி, மேலே ஓடு நழுவும். எதிரெதிராக முகட்டில் சேரும் இரண்டு கைமரத்துக்கும் குறுக்கே ஒரு கட்டை போடுங்கள். பலா அல்லது தேக்கு, 3க்கு 4 அங்குலம், அகலப் பக்கம் நெட்டாக நிற்க வேண்டும். முகட்டிலிருந்து ஓரடி கீழே. இரு முனையிலும் 10 மில்லிமீட்டர் போல்ட் இரண்டிரண்டு, மரத்தை ஊடுருவிப் போய் மறுபக்கம் 2 அங்குல வாஷர், நட்டு. ஆணி வேண்டாம், மர ஸ்குரூவும் வேண்டாம். ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் மரத்தில் ஸ்குரூ பிடி தளர்ந்துவிடும்.

கைமரம் தைல மரமாக இருந்தால் கவனம். அது நெடுக வெடிக்கும் மரம். போல்ட் அளவுக்கே துளை போட்டு, அடித்து இறக்காமல் கையால் செருகுங்கள். முனையிலிருந்து 4 அங்குலத்துக்குள் துளை கூடாது. இரண்டு துளையும் ஒரே ரேகையில் வராமல் மேல்கீழாக மாற்றி வையுங்கள்.

கட்டையின் நடுவில் 12 மில்லிமீட்டர் ஐ-போல்ட், மேலே வாஷர், இரட்டை நட்டு. ராடின் மேல்முனையை மாட்டும் ஷேக்கிளும் ரப்பர் புஷ்ஷும் அந்தக் கண்ணில் தாராளமாக அசைய வேண்டும். இறுகிப் பிடித்தால் நீள ராடு ஃபேன் உதறும்.

அடுத்தது ராடு நீளம். சரிவுக் கூரையில் இதில்தான் எல்லோரும் தவறுவார்கள். 1200 ஃபேனில் நடுவிலிருந்து இறக்கை நுனி 600 மில்லிமீட்டர். கூரை 30 டிகிரி சாய்வு என்றால் அந்த 600க்குள் கூரை கிட்டத்தட்ட 350 இறங்கிவிடும். அதோடு நுனிக்கு மேல் 300 இடைவெளி. ஆக முகட்டிலிருந்து 650 மில்லிமீட்டராவது கீழே இறக்கை வர வேண்டும். 45 டிகிரி செங்குத்துக் கூரை என்றால் 600, 300, மொத்தம் 900; அதாவது 3 அடி. இவை குறைந்தபட்சக் கணக்கு. உங்களுக்கு 13 அடி முகடு. கட்டை 12 அடியில், இரண்டரை அடி ராடு போட்டால் இறக்கை 9 அடியை ஒட்டி நிற்கும். 45 டிகிரி வரை எந்தச் சாய்வுக்கும் போதும்.

மாட்டும் முன் அந்த இடத்துக்கு மேலே உள்ள ஓடுகளைக் குடத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், சாய்வின் மேலிருந்து கீழாக. சாரல் காற்றோடு அடிக்கும்போது ஓடு ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறி உள்ளே சொட்டும். வீட்டு ஃபேன் மோட்டாரின் மேல்மூடியில் காற்றுத் துளை உண்டு, அதில் சொட்டினால் ஒரே மழையில் வைண்டிங் போகும்.

கோத்தகிரி வீடு:

ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். கூரைச் சாய்வை அளந்தேன், 35 டிகிரி வருகிறது. கைமரம் தேக்கு. மச்சு அறைக்கு வால் ஃபேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

பிஎல்டிசி பற்றி யாரும் சொல்லவில்லையே? மின்சாரம் மிச்சமாகும் என்கிறார்கள், ஆனால் ஈரத்தில் போர்டு போய்விடும் என்றும் சொல்கிறார்கள். ரிமோட்டில் தலைகீழாகச் சுற்றும் பட்டன் உள்ள மாடல் ஒன்று பார்த்தேன். ஹாலில் கணப்பு எரியும்போது அது உதவுமா?

ஊட்டி ஓதம்:

உதவும், ஆனால் ஹாலில் மட்டும். கணப்பு எரியும்போது சூடு முழுக்க முகட்டில் போய்க் கட்டிக்கொள்ளும், கால் மட்டும் விறைக்கும். ஃபேன் தலைகீழாக, மிகக் குறைந்த வேகத்தில் சுற்றினால் நடுவிலுள்ள காற்றை மேலே தள்ளும். முகட்டுச் சூடு சுவரோரமாக இறங்கி வரும். நேராகச் சுற்றினாலும் சூடு இறங்கும்தான், ஆனால் காற்று உடம்பில் பட்டுக் குளிரும். பயன் இருக்குமா என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி: ஒரு மூங்கில் கழி நுனியில் தெர்மாமீட்டர் கட்டி முகட்டருகே 10 நிமிடம் பிடியுங்கள், இன்னொன்றை முழங்கால் உயரத்தில் வையுங்கள். வித்தியாசம் 4, 5 டிகிரிக்கு மேல் இருந்தால் ரிவர்ஸுக்குக் காசு கொடுக்கலாம். 2 டிகிரிதான் என்றால் வேண்டாம். ஒன்பதரை அடி கான்கிரீட் அறைக்கு இது வீண்.

கணப்பு எரியும்போது எந்தத் திசையிலும் 1ஆம் நம்பருக்கு மேல் வைக்காதீர்கள். புகைக்கூண்டின் இழுப்பு மெல்லியது, ஃபேன் வேகம் கூடினால் புகை அறைக்குள் திரும்பும். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக்கொண்டு ஃபேன் ஓடுகிறதே என்று தைரியமாக இருக்கக் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடை ஃபேன் வெளியேற்றாது, அறை முழுக்கக் கலக்கி மட்டும் விடும். உயிர் போகும் விஷயம்.

பூஞ்சணத்துக்கு வருகிறேன். ஃபேன் ஈரத்தை எடுக்காது. இருக்கிற ஈரத்தை இடம் மாற்றும், அவ்வளவுதான். குளிர்ந்த சுவரை ஒட்டி அசையாமல் நிற்கும் காற்றுதான் ஓதத்துக்கு வசதி. அதைக் கலைப்பது வரை ஃபேனின் வேலை. அலமாரியைச் சுவரிலிருந்து 3 அங்குலம் நகர்த்தி, கதவைத் திறந்து வைத்து, 1ஆம் நம்பரில் பகலில் 3, 4 மணி நேரம் ஓடவிட்டால் துணியிலும் மூலையிலும் பூஞ்சணம் குறையும். ஆனால் ஜன்னலை எப்போது திறக்கிறீர்கள் என்பதில்தான் பாதி இருக்கிறது. மூடுபனி வாசலில் நிற்கும்போது ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டால் பனியை வீட்டுக்குள் வரவேற்கிறீர்கள். மழை விட்ட நாளில் 11 மணியிலிருந்து 3 மணி வரை திறங்கள், பனி இறங்குவதற்கு முன் மூடுங்கள்.

மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிற தவறு, ஃபேனுக்குக் கீழே கொடி கட்டித் துணி காயவைப்பது. மெஷினில் பிழிந்த ஒரு வாளித் துணியில் 2 லிட்டர் தண்ணீராவது இருக்கும். கதவைச் சாத்திய அறையில் துணி காய்ந்துவிட்டது என்றால் அந்த 2 லிட்டரும் சுவரில் இருக்கிறது. துணி காய ஒரே அறையை ஒதுக்கி, அதில் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஒன்று போட்டு, கதவடியில் அரை அங்குல சந்து விடுங்கள். இந்த எக்ஸாஸ்ட் செலவு மூன்று ஃபேனைவிட உங்கள் பூஞ்சணத்துக்கு அதிகம் உதவும்.

பிஎல்டிசி விஷயத்தில் என் கருத்து: ஈரமான கான்கிரீட் அறைக்கு வேண்டாம். சாதாரண மோட்டார் ஈரம் பட்டாலும் காய்ந்து பிழைக்கும், எலக்ட்ரானிக் போர்டு பிழைக்காது.

வயரிங் குன்னூர்:

இங்கே நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பிஎல்டிசி போர்டுகள் போவதற்கு ஈரத்தைவிட இடிதான் பெரிய காரணம். சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசியிலும் மலையில் இடி விழும்போது லைனில் வரும் உச்ச வோல்டேஜ் போர்டைக் கொல்லும். ரிமோட்டில் நிறுத்திவிட்டுச் சுவர் சுவிட்சை ஆனிலேயே விடுவதால் போர்டு எப்போதும் லைனில் இருக்கிறது. ராத்திரி சுவிட்சையும் அணைக்கும் பழக்கம், மெயின் போர்டில் டைப் 2 சர்ஜ் புரொட்டெக்டர், நல்ல எர்த், இந்த மூன்றும் இருந்தால் பயப்பட வேண்டாம். வாங்கும்போது போர்டுக்கு ஈரம் தடுக்கும் லேக்கர் பூச்சு உண்டா, போர்டு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். தனியாகக் கிடைக்காத மாடலை மலைக்கு வாங்காதீர்கள்.

மின்சார மிச்சத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். 75 வாட் சாதாரண ஃபேன் தினம் 6 மணி நேரம் ஓடினால் 60 நாளுக்கு 27 யூனிட். 30 வாட் பிஎல்டிசி 11 யூனிட்டுக்குள். சமவெளியில் வருஷம் முழுக்க ஓடும்போது அது பெரிய வித்தியாசம். நமக்கு ஃபேன் ஓடுவது வருஷத்துக்கு 3, 4 மாதம். முதல் 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்கும் வீடாக இருந்தால் பில்லில் ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் நாள் முழுக்க 1ஆம் நம்பரில் விடுவதற்குத்தான் பிஎல்டிசி பொருத்தம், அந்த வேகத்தில் 5, 6 வாட்தான் எடுக்கும். ஆகவே ஹாலுக்கு ரிவர்ஸ் உள்ள பிஎல்டிசி. கான்கிரீட் அறைக்கு, கசிவு என்று தெரிந்தால், நண்பர் சொன்னபடி சாதாரண மோட்டார். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம், லேபிள் இல்லாத பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள்.

பிஎல்டிசிக்கு ரெகுலேட்டரை அகற்றி நேராகக் கொடுங்கள். ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் போர்டு சீக்கிரம் போகும், வாரண்டியும் கிடைக்காது.

மாட்டும்போது ராடில் போல்ட், நட்டு, காட்டர் பின் மூன்றும் மேலேயும் கீழேயும் உண்டு. பின்னின் இரண்டு காலையும் விரித்து மடக்க மறக்காதீர்கள். நட்டு கழன்றாலும் ஃபேனை விழாமல் பிடிப்பது அந்தச் சின்னப் பின்தான். ஓட்டுக்கூரை ஹாலில் கூடுதலாக 3 மில்லிமீட்டர் ஸ்டீல் ரோப் ஒன்றை மோட்டார் ஷேக்கிளிலிருந்து கட்டைக்குச் சுற்றிப் போட்டுவிடுங்கள்.

ஆட்டம் இருந்தால், சுவிட்சை அணைத்து, கூரையிலிருந்து ஒரு குச்சியை நேராக இறக்கி, ஒவ்வொரு இறக்கை நுனியையும் கையால் அந்த இடத்துக்குக் கொண்டுவந்து அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இறக்கைத் தண்டு வளைந்திருக்கிறது அல்லது ஸ்குரூவில் வாஷர் விட்டுப்போயிருக்கிறது. சரிவுக் கூரையில் கூரையை வைத்து அளக்க முடியாது. ஏணியின் மேல் ஒரு நூலைக் குறுக்கே கட்டி அதை வைத்து அளங்கள். இறக்கைகள் எடை பார்த்து மூன்றாகச் சேர்த்து வருபவை, ஒரு ஃபேனின் இறக்கையை இன்னொன்றில் மாட்டினால் ஆட்டம் தீராது.

கோத்தகிரி வீடு:

கடைசியாக ஒன்று. ஆடியிலிருந்து தை வரை கான்கிரீட் அறை ஃபேன் பெரும்பாலும் சும்மாதான் நிற்கும். அப்படி விட்டால் கெட்டுப்போகுமா? துணி போட்டு மூடி வைக்கவா?

வயரிங் குன்னூர்:

மூடாதீர்கள். துணி ஈரம் வாங்கி மோட்டாரிலேயே பிடித்து வைக்கும். வாரம் ஒருமுறை 15 நிமிடம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். மோட்டார் லேசாகச் சூடாகி உள்ளே உள்ள ஈரம் போகும், பேரிங் கிரீஸும் ஒரே இடத்தில் இறுகாது. மாசி கடைசியில் முதல்முறை போடும் முன் மேல்மூடியை இறக்கி உள்ளே குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள், மண்ணால் காற்றுத் துளையை அடைத்து வைத்திருக்கும். சுவிட்ச் போட்டதும் ஆர்சிசிபி விழுந்தால் மோட்டாருக்குள் ஈரம். எலக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) இருந்தால் வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். 1 மெகோமுக்குக் கீழே என்றால் இறக்கி, வெயிலில் 2 நாள் வைத்து மறுபடி அளந்து பிறகு மாட்ட வேண்டும்.

ஃபேன் உறுமுகிறது ஆனால் சுற்றவில்லை, அல்லது முழு வேகத்திலும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் முக்கால்வாசி கெப்பாசிட்டர். கடையில் கண்டென்சர் என்று கேளுங்கள். 1200 ஃபேனுக்குப் பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட், சிலவற்றில் 3.15. பழையதன் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதே அளவு. மெயினை அணைத்து, பழைய கெப்பாசிட்டரின் இரண்டு முனையையும் பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள ஸ்குரூ டிரைவரால் சேர்த்துத் தொட்டுவிட்டுப் பிறகு கையை வையுங்கள். மாற்றியும் மெதுவாகவே சுற்றினால், சுவிட்சை அணைத்துவிட்டு கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று நின்றால் பேரிங். பெரும்பாலான ஃபேன்களில் 6202, 6201 என்ற எண்களில் இருக்கும், கழற்றியதன் மேல் உள்ள எண்ணைப் பார்த்து இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். நம் ஈரத்துக்கு இருபுறமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேளுங்கள், இரும்பு மூடி போட்டதைவிட அது அதிகம் தாங்கும்.

ஊட்டி ஓதம்:

இறக்கை துடைப்பது பற்றி மட்டும் சேர்க்கிறேன். விறகுப் புகை உள்ள வீட்டில் இறக்கையின் முன் விளிம்பில் தூசி எண்ணெய்ப் பசையோடு தார் மாதிரி பிடிக்கும், சும்மா துடைத்தால் வராது. பழைய தலையணை உறையை இறக்கைக்கு மாட்டி உருவினால் தளர்ந்த தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது. அப்புறம் வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டு, நன்றாகப் பிழிந்த துணியால், ஒரு கையை இறக்கைக்குக் கீழே தாங்கக் கொடுத்துத் துடையுங்கள். தாங்காமல் மேலிருந்து அழுத்தினால் தண்டு வளைந்து, வயரிங் அண்ணன் சொன்ன அந்த 3 மில்லிமீட்டர் கணக்கு கெடும். அலுமினிய இறக்கையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது ஈரத்தில் வந்த அரிப்பு. சுரண்டாதீர்கள், பெயிண்ட் போன இடத்தில் மெல்லிய எனாமல் ஒரு கோட், மூன்று இறக்கைக்கும் ஒரே அளவு.